பாவாயிக்கு வாங்கின ராடு

தப்பா நெனைச்சுக்காதீங்க சார். பக்கத்துலயே உக்காந்திருக்கறதால கண்ணு தானா போயிருச்சு. அத்திப்பள்ளி தாண்டினதுல இருந்து பாத்துட்டு வர்றேன், நீங்க போன்ல தள்ளித் தள்ளிப் பாக்கறது பூரா தூண்டில் ராடுதானே? அதுல அந்தக் கறுப்பு ராடு, ரெண்டு தடவை திரும்பிப் போய்ப் பாத்தீங்களே, அது வேண்டாங்க. ரேடியோ ஏரியல் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போறது அது. பையில வச்சுக்கத் தோதா இருக்கும், இல்லேங்கல. கரையில வச்சுப் புழங்கினீங்கன்னா நாலாம் நாளு மணல் ஏறிக்கும். அப்பறம் இழுத்தா வராது, வந்தா உள்ள போகாது. நான் பட்டுட்டுத்தான் சொல்றேன்.

எங்க புடிக்கப் போறீங்க? ஏரிக்கரையா. படகு கிடகு இல்லாம நின்ன எடத்துல இருந்து ஜிலேபி மீன் புடிக்கறதுதானே? அப்ப பெருசா ஒண்ணும் வேண்டாங்க. ஆறடி ராடு போதும், ஆறரைக்கு மேல போகாதீங்க. ரெண்டு துண்டா வர்றது, நடுவுல சொருகிக்கறது. கார்பன் வேண்டாம், ஃபைபரே எடுங்க, கல்லுல பட்டாலும் தாங்கும். நுனி மட்டும் மெல்லிசா வளையணும். ஜிலேபி வெடுக்குன்னு இழுக்காதுங்க. வந்து மோந்து பாக்கும், வாயில வச்சுப் பாக்கும், துப்பும். நுனி மெல்லிசா இருந்தாத்தான் அது கைக்குத் தெரியும். தடிச்ச ராடா இருந்தா மீன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தூண்டில் நரம்பு சுத்தற ரீலுல பதிமூணு பேரிங்னு அட்டையில போட்டிருப்பான். அதைப் பாத்து வாங்காதீங்க. நான் முப்பத்தாறு வருசம் தறி மெக்கானிக்குங்க, எடப்பாடியில. அர்த்தநாரின்னா அங்க பட்டறைக்காரங்களுக்கெல்லாம் தெரியும். பேரிங் பத்தி எங்கிட்ட ஒருத்தன் கதை விட முடியாது. கைப்பிடியைப் புடிச்சு முன்னயும் பின்னயும் ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னா வச்சுட்டு வந்துருங்க. ஒரு சுத்து சுத்தி விட்டா சத்தமில்லாம ஓடி, தானா மெதுவா நிக்கணும். ரெண்டாயிரம் நம்பர் ரீலு சின்னதா இருக்கும், அதுவே தாராளம். ராடும் ரீலும் நரம்பும் சேத்து ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள முடியும். அதுக்கு மேல குடுக்கறது மீனுக்காக இல்லைங்க, பக்கத்துல நிக்கறவன் பாக்கறதுக்காக.

எனக்கு இதெல்லாம் ஆரம்பத்துல தெரியாது. நாலு வருசத்துக்கு முன்னாடி மொதலாளி தறி பூராத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. பதினாறு தறிங்க. நானே ஸ்பேனர் புடிச்சுக் கழட்டிக் குடுத்தேன். அதே மாசம் எம்பொண்ணு சுகந்திக்குப் பெங்களூர்ல பையன் பொறந்தான். எம்பொண்டாட்டி பாவாயி ஒத்தாசைக்குப் போனா. மூணு மாசம்னுதான் போனா. கொழந்தை தலை நிக்கட்டும்னா, தவழட்டும்னா, நடக்கட்டும்னா. இப்ப பேரன் எல்.கே.ஜி. போறான். சீக்கிரம் வந்துருவா. பையன் ஒண்ணாங் கிளாசுக்குப் போயிட்டான்னா அப்பறம் அவளுக்கு அங்க என்ன வேலை?

வீட்டுல ஒத்தை ஆளு. ஒரு ஆளுக்குச் சோறு வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுங்களா? கொஞ்சமா வச்சா அடி புடிச்சுக்குது, சரியா வச்சா மூணு வேளைக்குக் கெடக்குது. டிவியைப் போட்டு விட்டுட்டு வெளிய வந்து உக்காந்துக்குவேன். உள்ள யாரோ பேசற மாதிரி இருக்கும். இப்படியே ஒரு வருசம் போச்சு. ஒருநாள் பூலாம்பட்டிக்குப் போனேன், சும்மாதான். அங்க காவிரியில கதவணை போட்டிருக்காங்க, தண்ணி ஏரியாட்டம் அசையாம நிக்கும். கரையில நாலஞ்சு பேரு ராடு போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் பேசல. எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு.

ஏன்னா பட்டறையில பேச்சே கெடையாதுங்க. பதினாறு தறி ஓடற எடத்துல யாரு பேசி யாருக்குக் கேக்கறது? எல்லாம் கை ஜாடைதான். ரெண்டு விரலைக் கத்திரி மாதிரி காட்டினா பாவு நூலு அறுந்து போச்சுன்னு அர்த்தம். உள்ளங்கையைக் கீழ பாத்து அமுக்கினா பொறு, அப்பறம்னு அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கந்தான். தண்ணின்னா கட்டை விரலு, சோறுன்னா அஞ்சு விரலு. பாவாயி எல்லா ஜாடையும் கத்துக்கிட்டா. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல சார். முப்பத்திநாலு வருசத்துல ஒருநாள் கூட நாங்க சத்தம் போட்டுப் பேசினதில்ல. தெருவுல அதை ஆச்சரியமா சொல்லுவாங்க.

அதை விடுங்க. மொத ராடு அந்த ஏரியல் மாதிரி. அது போச்சு. ரெண்டாவது பத்தடி, ஒரு நாள் பூரா புடிச்சா தோள் எறங்கிரும். மூணாவதுதான் சரியா அமைஞ்சுது. நான் இப்ப உங்களுக்குச் சொன்னதே அதைத்தான். காலையில பூலாம்பட்டி போவேன், மத்தியானம் வந்துருவேன். நல்லாவே மீன் கெடைக்கும். ஆனா எனக்கு ஆக்கத் தெரியாது. அடுத்த வீட்டு வசந்தாமணிகிட்ட குடுத்துருவேன். மொதல்ல வாங்கிக்கிட்டு ஒரு கிண்ணத்துல கொழம்பு குடுப்பா. அப்பறம் அப்பறம் போதுங்கண்ணா, நேத்து மீனே இருக்குன்னா. இப்ப நான் கதவைத் தட்டினா அவ வீட்டுக்காரரு வந்து, வசந்தா தூங்கறான்னு சொல்றாரு. சரி, வேலை செய்யற பொம்பளை, அசந்து தூங்குவா.

பாவாயி வருசத்துக்கு ரெண்டு தடவை வருவா. போன தீபாவளிக்கு வந்தப்ப நான் காலையில கெளம்பறதைப் பாத்துட்டு, நீங்க பாட்டுக்குப் போயிடறீங்க, நான் இங்க வந்து யாரைப் பாக்கறதுன்னு கேட்டா. எனக்கு மனசுல சுருக்குன்னுச்சு. நியாயந்தானே? அவளும் ஒத்தையா உக்காந்திருக்கணும். அப்பத்தான் தோணுச்சு, இவளுக்கும் ஒரு ராடு வாங்கிட்டா என்ன? பொங்கலுக்கு வர்றப்ப கூட்டிட்டுப் போகலாம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம்.

சேலத்துல ஒரு கடை இருக்குங்க, ரியாஸ் பாய்னு ஒருத்தரு வச்சிருக்காரு. அங்கதான் போனேன். எடை கம்மியா, வெலை கம்மியா, ஆனா சட்டுன்னு கெட்டுப் போகாத மாதிரி ஒண்ணு வேணும்னேன். யாருக்குன்னாரு. வீட்டுக்காரிக்குன்னேன். அவரு சிரிக்கல. நல்ல மனுசன். அஞ்சே முக்காலடி ராடு ஒண்ணு எடுத்து வச்சாரு, நீலக் கலரு, புடிக்கற எடத்துல மெத்து மெத்துன்னு கார்க்கு. தூக்கிப் பாத்தேன், ஒரு வெளக்குமாத்து எடை கூட இல்ல. ரீலு எட்டு ஒம்போது எடுத்துப் போட்டாரு. ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வச்சுச் சுத்திக் கேட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியில ஒண்ணு அமைஞ்சுது, பொறந்த கொழந்தை மூச்சு விடற மாதிரி ஓடுச்சு.

பில்லு போடறதுக்கு முன்னாடி பாய் கேட்டாரு, கைப்பிடியை எந்தப் பக்கம் மாட்டட்டும், அவங்க எந்தக் கையால வீசுவாங்கன்னு. எல்லாரையும் மாதிரித்தான்னேன். இல்ல, கேட்டுருங்க, கை மாறினா அவங்களுக்குப் பழகவே வராதுன்னாரு. பாவாயிகிட்டயே கேட்டா முன்னாடியே தெரிஞ்சு போயிரும். அதனால சுகந்திக்குப் போன் போட்டேன். அம்மா எந்தக் கைன்னு கேட்டேன். அவ சொன்னா, “அம்மா எடக்கைப்பா. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்கு எப்படிங்க தெரியும்? சோறு போடறது வலக்கையில, சாமி கும்புடறது வலக்கையில. துணி தைக்கறது, வெட்டறது, கூட்டறதெல்லாம் எடக்கைதானாம். அவ அதெல்லாம் செய்யற நேரத்துல நான் பட்டறையில இருப்பேன். பாய்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். வீசறது எடக்கைன்னா சுத்தறது வலக்கை, அதனால அவரு ஸ்குரூவைக் கழட்டிக் கைப்பிடியை வலப்பக்கம் மாத்திக் குடுத்தாரு. இப்ப வர்ற ரீலெல்லாம் ரெண்டு பக்கமும் மாட்டலாங்க. நீங்க வாங்கறப்பவும் பாத்துக்குங்க.

பொங்கலுக்கு வந்தா, பத்து நாளு தங்கற மாதிரி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில ராடை எடுத்துக் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தா. எடக்கையில புடிச்சு, ரீலு கைப்பிடியை வலக்கையால சுத்திப் பாத்துட்டு, எடக்கைக்குத் தோதா இருக்கேன்னா. கடைக்காரரு மாட்டினாருன்னு சொன்னேன். சுகந்தியைக் கேட்டதெல்லாம் எதுக்குச் சொல்லிட்டு. அவ என்னை அண்ணாந்து பாத்தா சார். அப்படிப் பாத்து ரொம்ப நாளாச்சு. உடனே போயி வேற சேலை கட்டிட்டு வந்தா. மீன் புடிக்கறதுக்கு எதுக்கு நல்ல சேலைன்னு சொன்னேன். அவ மாத்தல.

டிவிஎஸ் வண்டியில உக்கார வச்சுப் பூலாம்பட்டி கூட்டிட்டுப் போனேன். நம்ம எடத்துல ரெண்டு ராடையும் வச்சேன். தூண்டில் முள்ளுல நாக்குப்பூச்சி கோக்கறது ஒரே தடவைதான் காட்டினேன், புடிச்சுக்கிட்டா. வீசறதும் அப்படித்தான். எடக்கையில ஒரு சுண்டு சுண்டினா பாருங்க, தக்கை போயி பாசிக்கு ஓரமா, எங்க விழணுமோ அங்க விழுந்துச்சு. எனக்கு அது வர ஆறு மாசமாச்சு. பக்கத்துல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எனக்குப் பெருமைதான், வேற என்ன. ரீலை நான்ல தேர்ந்தெடுத்தேன்.

ஒரு அரை மணி நேரம் இருக்கும். அவ சொன்னா, “ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். அதுக்குன்னுதான் வந்தேன்.”

அந்த நேரம் பாத்து அவ தக்கை அசையுது சார். மீனு மோந்து பாக்குது. நான் உள்ளங்கையைக் கீழ அமுக்கிக் காட்டினேன். அவளுக்குத் தெரியும் அந்த ஜாடை. பேசாம இருந்தா. தக்கை உள்ள போச்சு, இழு இழுன்னேன். முக்காக் கிலோ ஜிலேபி. அதை எப்படிக் கழட்டறது, முதுகு முள்ளு குத்தாம எப்படிப் புடிக்கறதுன்னு சொல்லிக் குடுத்தேன். மறுபடி வீசினா. கொஞ்ச நேரங்கழிச்சு, “சுகந்தி வீட்டுக்குக் கீழ ஒரு வீடு காலியாகுதுங்க. சின்ன வீடுதான்”னா. நான் தக்கையைப் பாத்துக்கிட்டே சொன்னேன், கரையில பேசினா மீன் வராது பாவாயி, எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போயிச் சொல்லுன்னு. நல்லாத்தான் சொன்னேன். அதட்டல. அப்பறம் அவ வாயே தொறக்கல. பதினோரு மணி வரைக்கும் ஏழு மீனு புடிச்சா. எனக்கு ரெண்டுதான். அவ்வளவு சந்தோசமான காலை எனக்கு ஞாபகத்துல இல்லைங்க.

வீட்டுக்கு வந்து மீனை ஆக்கினா. எல்லாத்தையும் எனக்கே போட்டா. என்னமோ சொல்ல வந்தியேன்னு கேக்கணும்னு நெனைச்சேன். சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கிருச்சு, வெய்யில்ல உக்காந்தது. எந்திரிச்சுப் பாத்தா அவ பொட்டி கட்டிட்டிருக்கா. பேரனுக்குக் காய்ச்சலாம். நாலு நாள் முன்னாடியே கெளம்பிட்டா. மறுநாள் மாப்பிள்ளை காரு அனுப்பிச்சாரு. அதுல அவ தையல் மிஷினையும் ஏத்திக்கிட்டா. பெங்களூர்ல ஒரு ஜாக்கெட் தைக்கற கூலியில இங்க ரெண்டு சேலை எடுக்கலாம், அதான். நான்தான் நைலான் கயிறு போட்டு ஆடாம கட்டிக் குடுத்தேன். கனமான மிஷினுங்க. அவ கல்யாணத்துல கொண்டு வந்தது.

அதுல இருந்து நான் ரெண்டு ராடையும்தான் எடுத்துட்டுப் போறேன். அவளோடதையும் பக்கத்துல ஊனி வச்சு வீசி விட்டுருவேன். நரம்பு காய்ஞ்சு போகக் கூடாது, ரீலு ஓடிட்டே இருக்கணும். கரையில உக்கார்றவங்க ஆரம்பத்துல, யாரோடதுங்க அதுன்னு கேட்டாங்க. இப்ப கேக்கறதில்ல. அந்த எடத்தைக் காலியா விட்டுட்டுத் தள்ளித்தான் உக்கார்றாங்க. ஞாயித்துக்கெழமை போன் வரும். சாப்பிட்டீங்களான்னு கேப்பா, சாப்பிட்டேன்னுவேன். மழையான்னு கேப்பா. அப்பறம் பேரன் போனைப் புடுங்கிக்குவான்.

போன வாரம் சுகந்திதான் கூப்பிட்டா. அம்மாவோட ரேஷன் கார்டு வேணும், பேரை எடப்பாடியில எடுத்தாத்தான் பெங்களூர்ல சேக்க முடியும், ஆதாரும் மாத்தணும்னா. ஆஸ்பத்திரிக்கு வசதியா இருக்குமாம். கொரியர்ல அனுப்புங்கன்னா. கார்டைப் போயிக் கொரியர்ல அனுப்பறதா, நானே கொண்டு வர்றேன்னு கெளம்பி வந்தேன். ரெண்டு நாள் இருந்தேன். இப்பத் திரும்பறேன்.

பாவாயி அங்க வேற ஆளா இருக்கா சார். அந்த அப்பார்ட்மெண்ட்டுல பாதிப் பொம்பளைங்க அவகிட்டதான் தைக்கறாங்க. கீழ ஒரு அறையில மிஷினைப் போட்டிருக்கா. ஆமாங்க, அந்தச் சின்ன வீடுதான், அவதான் எடுத்திருக்கா. கன்னடம் சரளமா பேசறா. யாரோ ஒரு அம்மா வந்து என்னமோ சொன்னதுக்கு, மிஷின் மேல தலையைச் சாச்சு அப்படிச் சிரிக்கறா. எனக்கு அவ சிரிப்புச் சத்தமே புதுசா இருந்துச்சு. நான் வாசப்படியில நின்னுட்டே இருந்தேன். என்னைப் பாத்ததும் டீ வேணுமான்னு கட்டை விரலைக் காட்டிக் கேட்டா.

இன்னிக்குக் காலையில கெளம்பறதுக்கு முன்னாடி கீழ போயி நானே கேட்டேன். பொங்கலுக்குப் பூலாம்பட்டியில என்னமோ பேசணும்னியே, என்னதுன்னு. அவ வாயில நாலஞ்சு குண்டூசியைக் கவ்விக்கிட்டு ஒரு துணியை மடிச்சிட்டிருந்தா. ஊசியை ஒவ்வொண்ணா எடுத்து டப்பாவுல போட்டா. டப்பாவை மூடினா. அப்பறம் சொன்னா, “மறந்து போச்சுங்க.”

எனக்கு மனசு லேசாயிருச்சு. முக்கியமான விசயமா இருந்தா மறக்குமா? ஏதோ அந்த நேரத்துக்குத் தோணியிருக்கும். சரி பாவாயின்னு பையை எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். வழிக்குச் சப்பாத்தி கட்டிக் குடுத்தா. மடிவாளா ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தா. பஸ்ஸுல உக்காந்ததும் அத்திப்பள்ளி வரைக்கும் நல்லாத் தூங்கக் கூடத் தூங்கினேன்.

என்னங்க?

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லல. நானாத்தான் நிறுத்திட்டேன்.

உங்ககிட்ட வரிசையா சொல்லிட்டு வந்தேனில்லைங்களா, இப்பத்தான் ஒண்ணு ஒறைக்குது. பாவாயி எதையும் மறக்கறவ கெடையாதுங்க. தொண்ணூத்தியேழுல என் விரல் தறியில நசுங்குச்சு, இதோ பாருங்க, இந்த நகம் இன்னும் சரியா வளரல. அன்னிக்கு எந்த நர்ஸம்மா கட்டுப் போட்டாங்க, அவங்க வாட்சு எந்தக் கையில கட்டியிருந்தாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவா. சுகந்திக்கு மொதப் பல்லு எந்தக் கெழமை மொளைச்சுதுன்னு சொல்லுவா. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே தெரியாது. ஞாபகம் பூரா அவதான் வச்சிருந்தா. அவளா மறந்திருப்பா?

ஒண்ணைச் சொல்லணும்னு பெங்களூர்ல இருந்து நல்ல சேலை எடுத்து வச்சுக்கிட்டு வந்தவ.

வீடு காலியாகுதுன்னு சொன்னா சார். அவளுக்குன்னா எங்கிட்ட எதுக்குங்க சொல்லணும்? சின்ன வீடுதான்னு சொன்னாளே. நான் ஒத்துக்குவனோ மாட்டனோன்னு பயந்துக்கிட்டே கேக்கறவதானே அப்படிச் சொல்லுவா, சின்ன வீடுதான்னு.

அந்த ரேஷன் கார்டை என் கையாலயே குடுத்துட்டு வர்றேன்.

இது எந்த ஊரு, கிருஷ்ணகிரிங்களா? வண்டி பஸ் ஸ்டாண்டு உள்ள போகுமில்ல? நான் இங்கயே எறங்கிக்கறேன். டிக்கெட்டு சேலம் வரைக்கும் எடுத்திருக்கேன், பரவால்லைங்க. எதிர்ப்பக்கம் பெங்களூர் வண்டி கால் மணிக்கு ஒண்ணு போகும். மூணு மணிக்கெல்லாம் போயிருவேன். மூணு மணிக்கு அவ மிஷின்லதான் உக்காந்திருப்பா.

போயி என்ன கேக்கறதுன்னு தெரியல. திரும்ப அதையே கேட்டா அதையேதான் சொல்லுவா. நான் கேக்கப் போறதில்லைங்க. அவ மிஷினுக்குப் பக்கத்துல ஒரு முக்காலி கெடக்குது, பேரன் உக்கார்றது. அதுல உக்காந்துக்கறேன். ஊசியை எடுத்துக் குடுன்னா எடுத்துக் குடுக்கறேன். நாலு நாளாகட்டும், ஒரு மாசமாகட்டும். அவளா வாயைத் தொறந்து பேசற வரைக்கும் அங்கதான் இருக்கப் போறேன்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க சார்.